முன்பக்கம் பிளவுஸ் அளவு... பின்பக்கம் பறவைக் கணக்கு! - மடிப்பாக்கம் 'டெய்லர் அக்கா'வின் பால்கனி நோட்டு

காலை மணி 6.10. சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடி பால்கனியில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார் அந்த 54 வயதுப் பெண்மணி. ஒரு கையில் காபி டம்ளர். மடியில் பேனா செருகிய நீள நோட்டு. கண் மட்டும் எதிரே இருக்கும் காலி மனை மேல்.

"காக்கா நாலு. மைனா ரெண்டு. பச்சைக்கிளி ஆறு..." என்று எழுதியவர், ஒரு நொடி நிறுத்தி 'ஆறு' என்பதை அடிக்கிறார். "அஞ்சுதான் கண்ணால பார்த்தேன். ஆறாவது சத்தம் மாதிரி இருந்துச்சு. மாதிரி இருந்ததை எல்லாம் எழுதக் கூடாது!"

குடியிருப்பில் எல்லோருக்கும் இவர் 'டெய்லர் அக்கா'. இருபது வருடங்களாக பிளவுஸ் தைக்கிறார். பறவைகள் பற்றிப் படித்தவர் இல்லை. காட்டுக்குப் போனதில்லை. விலையுயர்ந்த கேமரா கிடையாது. மகன் வாங்கித் தந்த ஒரு பைனாகுலர், அதுவும் மூன்று வருடங்களாகத்தான். ஆனால், அவருடைய நோட்டில் இதுவரை 47 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. எல்லாமே பால்கனியிலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் பார்த்தவை.

அது வேறு எந்த நோட்டும் இல்லை. வாடிக்கையாளர்களின் அளவு நோட்டுதான். முன்பக்கத்திலிருந்து புரட்டினால் மார்பளவு, தோள், கை நீளம். பின்பக்கத்திலிருந்து புரட்டினால் காகம், குயில், மீன்கொத்தி. இரண்டும் நடுவில் சந்திக்கும்போது புது நோட்டு. இப்போது ஓடுவது ஏழாவது.

அந்த நோட்டுதான், சென்ற ஆண்டு அந்தக் குடியிருப்பில் வெடித்த ஒரு பெரிய சண்டைக்கும் தீர்ப்பு சொல்லியது.

நொண்டிக் காக்கா வந்தது

எல்லாம் தொடங்கியது காகத்தில்தான். நம் வீடுகளில் பலவற்றில் இன்றும் முதல் கைப்பிடிச் சோறு காகத்துக்குத்தான். டெய்லர் அக்கா வீட்டிலும் அப்படியே. 2018-ல் ஒரு நாள், சோறு சாப்பிட வந்த காகங்களில் ஒன்றுக்குக் கால் விரல்கள் மடங்கியிருந்தன. மற்றவை சாப்பிட்டு முடிக்கும் வரை அது தள்ளி நின்றது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை.

"மனசு கேக்கல. நாளைக்கு வருதான்னு பார்ப்போம்னு, கையில இருந்த அளவு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்துல தேதி போட்டு 'நொண்டிக் காக்கா வரல'ன்னு எழுதுனேன். அதுக்கு மறுநாள் வந்துடுச்சு. 'வந்தது'ன்னு எழுதுனேன். அப்படியே பழகிடுச்சு" என்று சிரிக்கிறார்.

தினமும் உற்றுப் பார்க்கத் தொடங்கியபோதுதான், அதுவரை 'காக்கா' என்று பொத்தாம்பொதுவாக நினைத்திருந்தது இரண்டு வகை என்று தெரிந்தது. கழுத்து சாம்பல் நிறத்தில் இருப்பது வீட்டுக் காகம். உடல் முழுக்கக் கறுப்பாக, பெரிய அலகோடு, கரகரத்த குரலில் கத்துவது அண்டங்காக்கை. இரண்டையும் நாம் எல்லோரும் ஆயிரம் முறை பார்த்திருப்போம். ஆனால், பார்த்தோமா?

அடுத்த ஆச்சர்யம் குயில். கறுப்பு உடலும் சிவந்த கண்ணுமாக இருப்பது ஆண். 'கூ...வூ' என்று குரலை உயர்த்திக்கொண்டே போவதும் அதுதான். சினிமாப் பாட்டுகளில் பெண்ணின் குரலைக் குயிலோடு ஒப்பிடுவது வழக்கம். நிஜத்தில் பெண் குயில் பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு, 'கிக் கிக் கிக்' என்று கத்திக்கொண்டு இலைகளுக்குள் மறைந்து திரியும். காகத்தின் கூட்டில் முட்டையிடுவதும், அதைக் காகமே அடைகாத்து வளர்ப்பதும் பாடப் புத்தகத்தில் படித்ததுதான். ஒரு ஜூன் மாதம், காகம் ஒன்று பழுப்புப் புள்ளிக் குஞ்சுக்குத் தான் எடுத்துவந்த சோற்றை ஊட்டுவதை மதில்மேல் பார்த்தபோது, டெய்லர் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றுவிட்டாராம். "நான் வெச்ச சோறு, காக்கா வாய் வழியா குயில் குஞ்சுக்குப் போகுது!"

தையற்காரிக்குத் தெரிந்த தையல்

நோட்டில் நிறையப் பக்கங்களைப் பிடித்திருப்பது தையல்சிட்டு. கட்டைவிரல் அளவே இருக்கும். முதுகு இளம் பச்சை, தலையில் துரு நிறம், நிமிர்ந்த வால். உருவத்துக்குப் பொருந்தாத உரத்த குரல்.

அகலமான இலை ஒன்றையோ, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலைகளையோ சுருட்டி, ஓரங்களில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலும் பஞ்சும் நாரும் கொண்டு தைத்து, அந்தப் பைக்குள் மெத்தென்று கூடு அமைக்கும். எதிர் மனையில் தானாக முளைத்த அத்திச் செடியில் இப்படி ஒரு கூடு. குஞ்சுகள் பறந்துபோன பிறகுதான் கிட்டே போய்ப் பார்த்தார்.

"நம்மள மாதிரி ஒரே நூலா ஓட்டித் தைக்கல. ஒவ்வொரு தையலும் தனித்தனி. ஓட்டையில நுழைச்ச பஞ்சு வெளிப்பக்கம் பிரிஞ்சு உப்பி நிக்குது. அதுவே முடிச்சு மாதிரி பிடிச்சுக்குது. நாங்க பட்டன் வெச்சுத் தைக்கிறோமே, அந்தக் கணக்கு" என்று தொழில்காரியின் மரியாதையோடு விளக்குகிறார்.

அன்று முதல் அவர் வீட்டில் ஒரு வழக்கம் மாறியது. முன்பெல்லாம் வெட்டி விழும் நூல் துண்டுகளைப் பெருக்கி பால்கனி வழியாகவே தட்டிவிடுவார். ஒருநாள் மைனா ஒன்று காலில் பாலியெஸ்டர் நூல் சுற்றி, ஒரு விரல் வீங்கிப்போய் நொண்டுவதைப் பார்த்தார். பருத்தி நூல் மட்கிப் போகும். பாலியெஸ்டர், நைலான் நூல்கள் அறுபடாமல் இறுகிக்கொண்டே போகும், விரலே துண்டாகிவிடும். நகரத்துப் புறாக்களும் காகங்களும் விரல் இல்லாமல் திரிவதற்கு இப்படிச் சுற்றிக்கொள்ளும் நூலும் தலைமுடியும் முக்கியக் காரணம். "அந்த நொண்டிக் காக்காவுக்கும் நான் போட்ட நூல்தான் காரணமோ என்னவோ. தெரியல. இப்போ ஒரு இழைகூட வெளியில போகாது" என்கிறார். மெஷினுக்குக் கீழே மூடி போட்ட பிஸ்கட் டப்பா ஒன்று, நூல் குப்பைக்கென்றே இருக்கிறது.

பெயர் தெரிந்தால் உறவு வரும்

பெயர் தெரியாத பறவைகளை ஆரம்பத்தில் அடையாளத்தால்தான் எழுதி வைத்திருக்கிறார். 'சுத்தியல் அடிக்கிற சத்தம்' என்று ஒரு பக்கம். ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தில், 'குக்குறுவான். நெத்தி சிவப்பு. வேப்ப மர உச்சி' என்று சேர்த்திருக்கிறார். பாத்திரக் கடையில் செம்பைத் தட்டுவதுபோல 'டொக்... டொக்' என்று விடாமல் ஒலிக்கும் அந்தக் குரலை சென்னையில் வெயில் காலத்தில் கேட்காதவர்கள் குறைவு. பறவையைப் பார்த்தவர்கள்தான் குறைவு.

'ஏழு எட்டு பேர், எப்பவும் சண்டை' என்பது தவிட்டுக் குருவி. கூட்டமாகத் தரையில் குதித்து இலைகளைப் புரட்டும் மங்கலான பறவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இனம் இது. பலர் வீட்டு வாசலில் சாதாரணமாகத் திரிவதை உலகின் மற்ற பகுதிக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிறார்கள்.

'தண்ணி இல்லாத இடத்துல மீன்கொத்தி!' என்று ஒரு பக்கத்தில் ஆச்சர்யக்குறி. வெண்மார்பு மீன்கொத்திக்கு மீன் மட்டும்தான் வேண்டும் என்றில்லை. ஓணான், வெட்டுக்கிளி, பல்லி எல்லாம் உணவுதான். அதனால்தான் மின்கம்பியில் உட்கார்ந்து காலி மனையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அண்ணாந்து பார்த்தால் இன்னொரு உலகம். பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம். சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சார்' ஈரநிலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே போகும் வரும் கூழைக்கடாக்களும் அரிவாள்மூக்கன்களும் மடிப்பாக்கத்து மொட்டை மாடிகளுக்கு மேலேதான் பறக்கின்றன. வடகம் காயவைக்கப் போன நேரத்தில் பார்த்த கூழைக்கடாக் கூட்டம், '11. இறக்கை அசைக்கல. அப்படியே மிதக்குது' என்று நோட்டில் இருக்கிறது. பக்கத்திலேயே 'வடகம் - காக்கா - 3 காலி' என்ற குறிப்பும்!

புறா பிரச்னை

இனி, அந்தச் சண்டை.

நான்காவது மாடியில் 76 வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் கணவர் உயிரோடு இருந்தவரை, தினமும் மொட்டை மாடியில் புறாக்களுக்குக் கம்பும் அரிசியும் போடுவார். 2022-ல் அவர் காலமான பிறகு, அந்த வேலையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். காலையில் ஒரு படி, மாலையில் ஒரு படி. "அவர் விட்டுட்டுப் போன ஒரே வேலை" என்பார்.

புறாக்கள் பெருகின. ஏ.சி வெளிப்பெட்டிகள், ஜன்னல் சன்ஷேடுகள், குழாய்கள் போகும் டக்ட் எல்லாம் எச்சம். மூன்றாவது மாடியில் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு வீஸிங். அவன் படுக்கும் அறை ஜன்னலுக்கு வெளியேதான் புறாக் கூடு. "புறா எச்சமும் இறகுத் தூசியும் காய்ந்து காற்றில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புறா எச்சத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பதால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி ஏற்படும் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த விஷயம். 2025-ல் மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் 'கபூத்தர்கானா'க்களை மாநகராட்சி மூடியதும், அது உயர் நீதிமன்றம் வரை போனதும், மக்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றதும் செய்திகளில் பார்த்ததுதான்.

மடிப்பாக்கத்துக் குடியிருப்பிலும் அதேதான் நடந்தது, சின்ன அளவில். வாட்ஸ்அப் குரூப்பில் காரசாரமான வாக்குவாதம். அசோசியேஷன் செகரட்டரி ஒரு கடிதம் தயாரித்தார். 'மொட்டை மாடியில் புறாக்களுக்குத் தீனி போடத் தடை. இந்தப் புறாக்களால்தான் நம் குடியிருப்பில் சிட்டுக்குருவிகளே அழிந்துவிட்டன' என்று அதில் ஒரு வரி. கையெழுத்து வாங்க முதலில் வந்த வீடு, டெய்லர் அக்கா வீடு.

"நீங்கதான் பறவை விஷயம் தெரிஞ்சவங்க. நீங்க போட்டா எல்லாரும் போடுவாங்க" என்றாராம் செகரட்டரி.

பாட்டிக்கும் செய்தி போயிருந்தது. படியில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டார். "வாயில்லா ஜீவனுக்கு ஒரு பிடி போடுறது குத்தமாம்மா? காக்காவுக்கு நீ வைக்கலையா?"

டெய்லர் அக்கா கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "ரெண்டு நாள் குடுங்க சார்" என்று கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பீரோவிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்தார்.

நோட்டு சொன்ன உண்மை

முதலில் சிட்டுக்குருவி. 2018 முழுக்க வாரா வாரம் இருந்திருக்கிறது. நான்கு, ஆறு, ஒன்பது. 2019 மே மாதத்துக்குப் பிறகு ஒன்று, இரண்டு. ஆகஸ்டுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அந்த மே மாதத்துப் பக்கத்திலேயே இன்னொரு வரியும் இருந்தது: 'முனை ஓட்டு வீடு இடிக்கிறாங்க. அரிசிக் கடை காலி.'

ஓட்டு இடுக்குகளில் கூடு, கீழே அரிசிக் கடையில் சிந்தும் தானியம். இரண்டும் ஒரே மாதத்தில் போய்விட்டன. புறாக்கள் பெருகியதோ 2022-க்குப் பிறகு. ஆக, சிட்டுக்குருவி போனதற்குப் புறாவைக் குற்றம் சொல்ல முடியாது.

சிட்டுக்குருவி விஷயத்தில் நாடே இப்படி ஒரு கதையை நம்பியது நினைவிருக்கும். செல்போன் டவர்களால் சிட்டுக்குருவி இனமே அழிகிறது என்று பல வருடங்கள் பேசினோம். 2020-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. டவர்தான் காரணம் என்பதற்குத் தகுந்த ஆதாரமும் இல்லை.

இந்த உண்மையைச் சொன்னது யார் தெரியுமா? விஞ்ஞானிகள் மட்டுமில்லை. டெய்லர் அக்காவைப் போல, பார்த்ததைப் பார்த்த தேதியோடு பதிந்து வைத்த ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள். அந்த அறிக்கையின் 2023 பதிப்பு, சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 178 இனங்கள் உடனடிக் கவனம் தேவைப்படும் நிலையில் இருக்கின்றன. புல்வெளி, ஈரநிலம் என்று குறிப்பிட்ட இடத்தை நம்பி வாழும் பறவைகள் பல சரிகின்றன. எங்கும் எதையும் தின்று பிழைக்கும் மாடப்புறா, மயில் போன்றவை பெருகுகின்றன. நாம் தீனி போட்டு வளர்ப்பது, ஏற்கெனவே நன்றாக வாழும் பறவையைத்தான்.

அக்காவின் நோட்டிலும் இரண்டாவதாகத் தெரிந்தது இதுதான். 2021-ல் ஒரு நாள் புறா எண்ணிக்கை 8. சென்ற ஆண்டு ஒரே காலையில் 64. புறா ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டையிடும். சுமார் 18 நாளில் குஞ்சு பொரியும். உணவு தாராளமாகக் கிடைத்தால் வருடம் முழுவதும் இனப்பெருக்கம் செய்யும். படி அரிசிக்குத் தகுந்த படை சேரும்.

படியில் ஒரு பேச்சு

நோட்டோடு நான்காவது மாடி ஏறினார் டெய்லர் அக்கா. கடிதத்தை எடுத்துப் போகவில்லை.

"சிட்டுக்குருவி போனதுக்கு உங்க புறா காரணமில்லம்மா. செகரட்டரி சார்கிட்ட அந்த வரியை எடுக்கச் சொல்லப் போறேன்" என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். பாட்டியின் முகம் கொஞ்சம் தெளிந்ததாம். பிறகு, எட்டு அறுபத்து நான்கு ஆன பக்கங்களைக் காட்டினார். மூன்றாவது மாடிப் பையன் ராத்திரியில் இழுக்கும் இழுப்பைப் பற்றியும் சொன்னார்.

"அவனுக்குப் புறாவாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது டாக்டருக்குத்தான் தெரியும். ஆனா ஜன்னல் பக்கத்துல எச்சம் காயக் கூடாதுன்னு அவர் சொல்லிட்டார். நாம போடுறவரைக்கும் அது குறையாது."

பாட்டி வெகுநேரம் பேசவில்லையாம். கடைசியாக ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார். "அப்போ காலையில எழுந்து நான் என்ன பண்றது?"

டெய்லர் அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை. "என்னைத் தூக்கிப் போட்ட கேள்வி அது. புறாவுக்குத் தீனி போடுறதை நிறுத்துங்கன்னு எல்லாரும் சொல்றோம். அந்த நேரத்தை அவங்க என்ன பண்ணுவாங்கன்னு ஒருத்தரும் யோசிக்கல" என்கிறார்.

மறுநாள் ஒரு வாயகன்ற மண் சட்டியோடு போனார். இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு கல், சின்னப் பறவை நின்று குடிக்க. தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கொசுவும் கிருமியும் சேரும். பூனை பதுங்க இடமில்லாத திறந்த ஓரத்தில் வைக்க வேண்டும். "தண்ணி வைக்கிறதும் தானம்தானேம்மா" என்றார்.

கம்பு அளவு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு படி அரைப்படி ஆகி, கைப்பிடி ஆகி, இரண்டு மாதத்தில் நின்றது. காகத்துக்கு ஒரு உருண்டைச் சோறு மட்டும் தொடர்கிறது, மிச்சம் கிடக்காத அளவில். டக்ட்டுக்கு வலை போட்டார்கள். கடிதத்தில் சிட்டுக்குருவி வரியைச் செகரட்டரியே அடித்துவிட்டார். பையனுக்கு வீஸிங் முழுதாக நின்றுவிடவில்லை. ஆனால், இப்போது அவன் அறை ஜன்னல் திறந்திருக்கிறது. புறாக்களும் முழுதாகப் போய்விடவில்லை. நோட்டில் இந்த மாத எண்ணிக்கை 15-லிருந்து 20.

மண் சட்டிக்கு முதலில் வந்தது காகம்தான். பத்து நாள் கழித்து ஒரு சின்னான் வந்து குளித்தது. கொண்டையும் வாலடியில் சிவப்பும் கொண்ட அந்தப் பறவை இறக்கையை அடித்துத் தண்ணீர் தெறிக்க விட்டதைப் பார்த்துவிட்டு, பாட்டி இரண்டு மாடி இறங்கி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். "ஏம்மா, உன் நோட்டுல எழுது. கொண்டை வெச்ச ஒண்ணு, குளிச்சுட்டுப் போச்சு!"

அக்டோபர் விருந்தாளி

அதன் பிறகு நடந்ததுதான் டெய்லர் அக்காவின் 47-வது பறவை.

அக்டோபர் மாத விடியற்காலை. முந்தைய இரவு மழை. பால் பாக்கெட் எடுக்க இறங்கிய பாட்டி, கீழே கார் பார்க்கிங் மூலையில் ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மைனாவை விடச் சிறியது. பச்சை முதுகு, இறக்கையில் பளீர் நீலம், சந்தன நிற வயிறு, வாலடியில் ரத்தச் சிவப்பு, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை, வால் இருக்கிறதா என்றே தெரியாத அளவு குட்டை வால்.

ஆறுமணிக்குருவி!

விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் தமிழில் இந்தப் பெயர். வண்ணங்களை வைத்து இந்தியில் 'நவரங்' என்கிறார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். இரவில் பயணம் செய்யும் பறவை. களைத்துப்போய், வெளிச்சத்தில் குழம்பி, கண்ணாடியிலோ சுவரிலோ மோதி வீடுகளுக்குள் விழுவது சென்னையில் ஒவ்வோர் இலையுதிர் காலமும் நடக்கிறது.

பாட்டி அதைத் தொடவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. வாட்ச்மேனை விட்டுப் பூனையைத் துரத்தச் சொல்லிவிட்டு, டெய்லர் அக்காவை எழுப்பினார். ஒரு அட்டைப் பெட்டியில் காற்றோட்டத்துக்குத் துளை போட்டு, பழைய பருத்தித் துணி விரித்து, பறவையை மெல்ல உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத இருட்டு அறையில் வைத்தார்கள். வாயைத் திறந்து தண்ணீரோ சோறோ புகட்டக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. மூன்றாவது மாடிப் பையன் மாஸ்க் போட்டுக்கொண்டு அறை வாசலில் காவல் நின்றான்.

இரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் தடதடவென்று சத்தம். எதிர் மனைப் புதர் ஓரத்தில் பெட்டியைத் திறந்ததும், ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, தத்தித் தத்தி இலைக் குப்பைக்குள் போய்விட்டது.

அன்றைய பக்கத்தில் டெய்லர் அக்காவின் கையெழுத்து இல்லை. கொஞ்சம் நடுங்கிய பழைய கால எழுத்தில் இருக்கிறது: 'ஆறுமணிக்குருவி 1. பிழைத்தது.'

நீங்களும் தொடங்கலாம்!

பறவை பார்க்க வேடந்தாங்கலுக்கோ வேட்டங்குடிக்கோதான் போக வேண்டும் என்றில்லை. போனால் நிச்சயம் மகிழ்ச்சிதான். வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஆனால், தொடக்கம் உங்கள் ஜன்னலாக இருக்கலாம்.

* ஒரே இடம், ஒரே நேரம்: தினமும் 15 நிமிடம் போதும். காலை 6 முதல் 8 மணி வரை பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும்.

* தேதி, நேரம், எண்ணிக்கை: மூன்றும் கட்டாயம். பெயர் தெரியாவிட்டால் அலகு, வால், நிறம், சத்தம் எழுதுங்கள். பெயர் பிறகு வரும். வராத நாளையும் எழுதுங்கள்; 'இல்லை' என்பதும் தகவல்தான்.

* செல்போன் உதவும்: 'மெர்லின்' என்ற இலவச ஆப், பறவையின் சத்தத்தையும் படத்தையும் வைத்துப் பெயர் சொல்லும். அது சொன்னாலும் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே எழுதுங்கள். 'இ-பேர்ட்' தளத்தில் பதிந்தால், உங்கள் பால்கனிக் கணக்கு நாட்டின் கணக்கோடு சேரும். டெய்லர் அக்காவின் பழைய நோட்டுகளை அவர் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

* பைனாகுலர்: அவசரமில்லை. வாங்குவதானால் 8x42 வசதி. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

* கூட்டின் பக்கம் போகாதீர்கள்: முட்டை, குஞ்சு இருக்கும் கூட்டைப் படமெடுக்கக் கிளையை விலக்கினால், காகமும் பூனையும் பார்த்துவிடும்.

* கிளி வளர்க்காதீர்கள்: நம் ஊர்ப் பச்சைக்கிளி, மைனா, முனியா எதையும் கூண்டில் வைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பறக்கும்போது எண்ணுவதுதான் அழகு.

* கூட்டாக எண்ணலாம்: ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். அடுத்து பிப்ரவரியில் நான்கு நாள்கள், உலகம் முழுவதும் வீட்டுப் பக்கத்துப் பறவைகளை எண்ணும் நிகழ்வும் உண்டு.

டெய்லர் அக்காவின் எதிர் மனையில் சென்ற மாதம் எல்லைக்கல் ஊன்றிவிட்டார்கள். விரைவில் அங்கேயும் கட்டடம் வரும். அத்திச் செடி இருக்காது. தவிட்டுக் குருவிகள் எங்கே போகும் என்று தெரியாது.

"தடுக்க நம்மால முடியாது. அவங்க இடம், அவங்க கட்டுறாங்க" என்கிறார், ஊசியில் நூலைக் கோத்தபடி. "ஆனா இங்க என்னென்ன இருந்துச்சுன்னு நாளைக்கு யாராவது கேட்டா, 'ஏதோ நிறைய குருவி இருந்துச்சுப்பா'ன்னு சொல்ல மாட்டேன். எடுத்துக் காட்டுவேன்."

மேலேயிருந்து பாட்டியின் குரல். "ஏம்மா... கூழைக்கடா போகுது. ஒம்போது! எழுதிக்கோ!"

அக்கா எட்டிப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, எழுதுகிறார். எட்டு.